கண்டியின் கொக்கி வெள்ளி

கண்டி மாநகரைச் சூழ்ந்துள்ள மலைக் கிராமங்களிலே, பழைய வீடொன்றின் பெட்டகத்தை ஒழுங்குசெய்யும்போது, வளைந்த வெள்ளிக் கம்பித் துண்டொன்று சிலவேளைகளில் அகப்படுவதுண்டு. இரட்டையாக மடிக்கப்பட்டுத் தூண்டில் முள்ளைப்போல வளைக்கப்பட்ட கம்பி அது. அதன் நடுப்பகுதி சற்றே தட்டையாக்கப்பட்டிருக்கும். அவ்விடத்தில் எழுத்தென்றும் கூறமுடியாத, கோலமென்றும் கூறமுடியாத சில கீறல்கள் காணப்படும். மன்னன் உருவம் இல்லை, ஆண்டு இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. உடைந்த அணிகலனின் ஒரு பகுதியென்றே வீட்டார் அதனை எண்ணுவர். தட்டாரின் தராசிலே ஏறி, எடைக்குரிய விலையைப் பெற்று, உலைக்குள்ளே அது உருகிவிடும். கண்டி இராச்சியத்தின் பொருளியல் வாழ்வுக்குச் சான்றாக எஞ்சியிருந்த ஒரு நாணயம் அன்றோடு மறைந்துபோகும்.

ஆம், அது நாணயமே. சிங்கள மக்கள் அதனை 'ரிதி' என்றும், வளைந்த மஸ்ஸ எனப் பொருள்படும் 'அங்குட்டு மஸ்ஸ' என்றும் வழங்கினர். 'ரிதி' என்னும் சொல்லுக்கு வெள்ளி என்பதே பொருள். வரலாற்றாசிரியர் அதனை 'லாரின்' என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததாகக் கொள்வர். பாரசீக நாட்டிலுள்ள லார் என்னும் நகரத்தின் பெயரால் வழங்கிய இக்கம்பி நாணயம், 16ஆம் 17ஆம் நூற்றாண்டுகளிலே பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து மேற்கு இந்தியக் கரைக்கும், மாலைதீவுக்கும், இலங்கைக்கும் வணிகக் கப்பல்களிலே பரவியது. பிற நாடுகளில் நேராக அல்லது சற்றே மடிந்ததாக இருந்த கம்பி, இலங்கையிலே கொக்கி வடிவம் பெற்றது. எடையோ ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு.

பெயரும் ஆண்டும் இல்லாத இத்தகைய காசை இன்னதென்று இனங்காண்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு, அதே காலத்திலே வேறொரு நாட்டில் வழங்கிய வெள்ளி நாணயத்தோடு அதனை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். அந்நாடு, பிற்காலத்தில் கண்டியைக் கைக்கொண்ட இங்கிலாந்தே.

முதலாம் எலிசபெத் அரசியின் வெள்ளிக் காசொன்றை எடுத்துக்கொள்வோம். அதில் அரசியின் தலை உண்டு, பட்டப்பெயர் உண்டு, குலச்சின்னம் உண்டு. 1561ஆம் ஆண்டு தொடக்கம், ஆறு பென்ஸ், மூன்று பென்ஸ், ஒன்றரைப் பென்ஸ் ஆகிய காசுகளிலே அரசியின் தலைக்குப் பின்னால் ஒரு ரோசா மலரும், மறுபுறத்தில் ஆண்டும் பொறிக்கப்பட்டன. சிலிங் முதலிய வேறு சில காசுகளில் மலர் இல்லை. அளவால் நெருங்கிய காசுகளை மக்கள் ஒன்றுக்கொன்று மாற்றி எண்ணி ஏமாறாதிருக்க இவ்வேற்பாடு துணைசெய்தது. இவற்றினும் முக்கியமானது வேறொன்று. காசின் விளிம்பிலே எழுத்துத் தொடங்குமிடத்தில் ஒரு சிறு குறி இருக்கும். அக்குறி காலத்துக்குக் காலம் மாறும். அம்மாற்றத்துக்குக் காரணம் யாது?

இலண்டன் நாணயச்சாலையிலே அடிக்கப்படும் காசுகளில் சில மாதிரிகள் ஒரு பெட்டியில் இடப்பட்டுப் பூட்டிவைக்கப்படும். குறித்த காலத்தின் பின், பொற்கொல்லர் சங்கத்தைச் சேர்ந்தோரைக் கொண்ட நடுவர் குழுவொன்று அப்பெட்டியைத் திறந்து, காசுகளை நிறுத்தும், தீயிலிட்டு உருக்கியும், வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும். பிக்ஸ் சோதனை எனப் பெயர்பெற்ற இவ்வழக்கம் 13ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. ஒரு தொகுதிக் காசு சோதனையில் தேறியதும் அடுத்த தொகுதிக்குப் புதிய குறி இடுவது வழக்கமாயிற்று. ஆகவே, ஆண்டு பொறிக்கப்படாத காசையும் அக்குறியைக் கொண்டு, எச்சோதனைக்கும் எச்சோதனைக்கும் இடையே அடிக்கப்பட்டது என்று கூறிவிடலாம். காசிலே குறி; அலுவலகத்திலே பதிவேடு. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

இங்கிலாந்தின் நாணயக் குறிப்பு நூல்கள் யாவும் இவ்விரு சாட்சிகளின் மீது எழுந்தவையே. ரொஜர்ஸ் ரூடிங் என்னும் மதகுரு 1817ஆம் ஆண்டிலே நாணயச்சாலை ஆவணங்களைத் திரட்டி நாணய வரலாற்றை வெளியிட்டார். பிரித்தானிய நூதனசாலையில் பணிபுரிந்த எட்வேட் ஹோக்கின்ஸ் 1841ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் வெள்ளிக் காசுகளுக்கென்றே தனிநூல் செய்தார். சுத்தியலால் அடிக்கப்பட்ட காசுகள் 1662ஆம் ஆண்டோடு முடிவுற்றன. அக்காலம் வரையிலான காசுகளை அரசு, காலம், குறி, எழுத்து வடிவம் என்னும் முறையிலே வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுத்தவர் ஜே. ஜே. நோர்த். அவருடைய நூலின் இரு பாகங்களும் 1960களின் தொடக்கத்தில் வெளிவந்தன. இன்று ஒருவர் கையில் எலிசபெத் காசு கிடைக்குமாயின், அவர் உருப்பெருக்கி ஆடியால் அந்தக் குறியை நோக்கி, நூலின் பட்டியலோடு ஒப்பிட்டு, சில நிமிடங்களில் அதன் காலத்தை அறிந்துகொள்ளலாம்.

இனிக் கண்டிக்கு வருவோம். இங்கே வெள்ளியின் தரத்தைச் சோதித்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை தருபவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டிலே கிழக்குக் கரையில் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்க மன்னனின் நாட்டிலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தடுப்புக் கைதியாக வாழ்ந்தவர் அவர். சிறைக்கூடத்தில் அடைக்கப்பட்டவர் அல்லர். கிராமங்களிலே மக்களோடு மக்களாக வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார். ஊரூராகச் சென்று சில்லறை வாணிகம் செய்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679ஆம் ஆண்டு தப்பிச் சென்று, 1681ஆம் ஆண்டு இலண்டனிலே தம் நூலை வெளியிட்டார். ஆதலால், கண்டியின் பணத்தைப் பற்றி அவர் எழுதியது, அப்பணத்தைக் கையால் எண்ணிப் பிழைத்த ஒருவரின் சாட்சியம் என்று கொள்ளத்தகும்.

மூவகைப் பணம் அங்கு வழங்கியதாக நொக்ஸ் கூறுகின்றார். முதலாவது, போர்த்துக்கேயர் அடித்த தங்கம் மஸ்ஸ. ஒருபுறம் அரச சின்னமும் மறுபுறம் ஒரு துறவியின் உருவமும் கொண்ட அது, ஒன்பது பென்ஸ் பெறுமதியுடையது. பெயரிலே தங்கம் என்றிருப்பினும் அது பொன்னன்று. 'தங்கா' என்னும் நாணயப் பெயரின் திரிபே அச்சொல். இரண்டாவது, கொக்கி வடிவமான வெள்ளி. மன்னனின் அனுமதியோடு யாவரும் அதனைச் செய்துகொள்ளலாம். தமக்கு விருப்பமான அடையாளத்தை அதில் இடலாம். மூன்றாவது, மன்னனுக்கே உரிய பணம். அதனைப் பிறர் அடித்தால் மரண தண்டனை. மிகச் சிறியதாகிய அப்பணம் எழுபத்தைந்து சேர்ந்தால் ஒரு ஸ்பானிய டொலருக்கு ஈடாகும்.

கொக்கி வெள்ளியின் தரத்தில் ஐயம் எழுந்தால், அதனைத் தீயிலே செந்நிறமாகக் காய்ச்சி நீரில் இடுவர். தூய வெண்மையாக வெளிவந்தால் ஏற்றுக்கொள்வர். இல்லையேல் அது செல்லாப் பணம். அவ்வெள்ளி ஸ்பானிய நாணயத்தின் வெள்ளியினும் தூயது என்றும் நொக்ஸ் எழுதுகின்றார்.

இலண்டனிலும் தீ, கண்டியிலும் தீ. ஆனால் இலண்டனின் தீ அரசனின் அலுவலகத்திலே எரிந்தது; கண்டியின் தீயோ பணத்தை வாங்குபவனின் அடுப்பிலே எரிந்தது. முன்னது காசிலே குறியையும் ஏட்டிலே பதிவையும் விட்டுச் சென்றது. பின்னது எதனையும் விட்டுச் செல்லவில்லை. கண்டி மக்கள் நாணயத்தைக் கண்டு நம்பவில்லை. வெள்ளியைக் கண்டு நம்பினர். அவர்களுக்கு அரசனின் முகம் தேவைப்படவில்லை. ஆகவே, கண்டியின் காசில் பெயரில்லாமை பண்பாட்டுக் குறைவின் அடையாளம் அன்று. நம்பிக்கையை வேறொரு வழியிலே நிலைநாட்டிய ஒரு சமுதாயத்தின் அடையாளம். ஒரு நாணயத்தின் மீது நம்பிக்கை எவ்வாறு உண்டாக்கப்பட்டதோ, அதனைப் பொறுத்தே பிற்காலத்தார் அதனை இனங்காணும் வழியும் அமைகின்றது.

குறி இல்லாத காசுக்குக் குறிப்பு நூல் எழுதுவது எளிதன்று. எனினும் அப்பணியில் இறங்கியோர் இருந்தனர். இலங்கைக் குடிசார் சேவையிலே கடமையாற்றி, பின்னர் பாளி மொழி ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற றைஸ் டேவிட்ஸ், 1877ஆம் ஆண்டிலே இலங்கையின் பழைய நாணயங்களையும் அளவைகளையும் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். அவருக்குப் பின், அதே சேவையைச் சேர்ந்த எச். டபிள்யூ. கொட்றிங்ரன் என்பவர் 1924ஆம் ஆண்டிலே 'இலங்கை நாணயங்களும் செலாவணியும்' எனப் பொருள்படும் பெருநூலை எழுதினார். கொழும்பு நூதனசாலையின் வெளியீடாக வந்த அந்நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகின்றது.

கொட்றிங்ரனின் சிறப்பு யாதெனில், அவர் காசை மட்டும் நோக்கவில்லை என்பதே. கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் அரச ஆவணங்களிலும் பணத்தைப் பற்றி வரும் குறிப்புகளை அவர் தேடினார். கண்டி இராச்சியத்தின் இறுதிக் காலத்தை நேரிற் கண்ட ஜோன் டொயிலி என்னும் அதிகாரியின் நாட்குறிப்பை 1917ஆம் ஆண்டிலே பதிப்பித்தவரும் அவரே. டொயிலியின் எழுத்துகளிலே அரசிறைகளும் கட்டணங்களும் ரிதிக் கணக்கிலே கூறப்படுகின்றன. காசு வாய்திறவாதபோது, அக்காசை எண்ணியவர்களின் கணக்கைக் கேட்கவேண்டும் என்பதே அவர் காட்டிய வழி.

அவருக்குப் பின் இன்னொரு வாயில் திறந்தது. கண்டிக்குத் தெற்கே அமைந்த கம்பளையிலே லாரின் புதையல் ஒன்று கிடைத்தது. அமெரிக்க நாணயவியற் சங்கத்தைச் சேர்ந்த ஹவ்லண்ட் வூட் என்பவர் அதனை ஆராய்ந்து எழுதிய நூல், 1934ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் அச்சங்கத்தின் 61ஆம் இலக்க வெளியீடாக வந்தது. மகாவலியாற்றங்கரையில் மண்ணுக்குள் கிடந்த வெள்ளிக் கம்பிகள், கடல் கடந்து ஆராய்ச்சிப் பொருளாயின.

புதையலுக்கு இவ்வளவு பெருமை ஏன்? லாரின் அடிக்கும் அச்சு, கம்பியை விட அகலமானது. எனவே, அச்சிலுள்ள முழு வாசகமும் எந்த ஒரு கம்பியிலும் விழுவதில்லை. ஒன்றில் பெயரின் தலை. மற்றொன்றில் அதன் கால். வேறொன்றில் ஆண்டின் ஓர் இலக்கம். தனியே கிடைக்கும் கம்பி ஊமை. பல கம்பிகளை அருகருகே வைத்து, ஒரே அச்சிலிருந்து பிறந்தவற்றைச் சேர்த்து நோக்கினால், சிதைந்த ஓலையின் துண்டுகளைப் பொருத்திப் படிப்பதுபோல் வாசகம் முழுவடிவு பெறும். பாரசீக மன்னர், பீஜப்பூர்ச் சுல்தான் அலி அதில்ஷா, மாலைதீவுச் சுல்தான்கள் ஆகியோரின் லாரின்கள் இவ்வாறே பிரித்தறியப்படுகின்றன. எழுத்தாகப் படிக்க இயலாது, அரபு எழுத்தைப் பார்த்துப் போலியாகக் கீறிய கோடுகள் மட்டும் இருப்பின், அது இலங்கையிலே செய்யப்பட்டதாகக் கருத இடமுண்டு. விரும்பிய அடையாளத்தை மக்கள் இட்டனர் என்னும் நொக்ஸின் கூற்றோடு அது பொருந்துகின்றது. ஆயினும் கொக்கி வடிவம் ஒன்றே முடிந்த சான்றாகாது. பிறநாட்டுக் கம்பியும் இங்கு வந்தபின் வளைக்கப்பட்டிருக்கலாம்.

குறிப்பு நூலின் துணையின்றிச் செய்யும் முடிவு எவ்வளவு தவறக்கூடும் என்பதற்குக் கண்டியிலேயே வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. 1816ஆம் ஆண்டு தொடக்கம் நான்காண்டுகள் இந்நாட்டில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றிய ஜோன் டேவி, 1821ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, கண்டியில் வழங்கிய ரிதி ஏறக்குறைய ஏழு பென்ஸ் பெறும் என்றும், அறுபத்து நான்கு தம்பதெனியச் சல்லிகளுக்கு ஈடானது என்றும் எழுதினார். அந்தச் சல்லிகளோ பொலன்னறுவை, தம்பதெனிய மன்னர் காலத்துச் செப்புக் காசுகள். அவற்றிலே ஒருபுறம் நிற்கும் மனிதனும் மறுபுறம் அமர்ந்திருக்கும் மனிதனும் காணப்படுவர். அவ்வடிவமோ இராசராச சோழனின் காசிலிருந்து இலங்கை மன்னர் ஏற்றுக்கொண்டது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அடிக்கப்பட்ட காசு, ஆங்கிலேயர் வந்த பின்னும் கண்டிச் சந்தையிலே கைமாறிக்கொண்டிருந்தது. காசு அடிக்கப்பட்ட காலம் ஒன்று. வழங்கிய காலம் வேறொன்று. இதனை மறந்தவர் வரலாற்றையே மாற்றி எழுத நேரும். இன்றும் இலங்கைத் தமிழர் பணத்தைச் 'சல்லி' என்று பேச்சில் வழங்கும்போது, அப்பழைய செப்புக் காசின் பெயரையே உச்சரிக்கின்றனர்.

வகைப்படுத்தல் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை வடக்கிலிருந்தும் காட்டலாம். படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்னும் தமிழெழுத்தும் பொறித்த காசுகள் ஒரு காலத்திலே இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையனவென எண்ணப்பட்டன. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், முதலியார் செ. இராசநாயகம் முதலிய அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு உரியனவென நிறுவ முயன்றனர். பிற்காலத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இத்துறையில் விரிவாக எழுதியுள்ளார். காசை உரிய இடத்தில் வைத்தபோது ஓர் அரசே வரலாற்றிலே தன் இடத்தைப் பெற்றது.

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கண்டியை ஆண்ட நாயக்க மன்னர் மரபு அதனோடு முடிவுற்றது. பின்னர், ஆங்கில வெள்ளி மலைநாட்டுக்கு வந்தது. 1821ஆம் ஆண்டுப் பொறிப்பைக் கொண்ட றிக்ஸ் டொலரிலே ஒருபுறம் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் தலையும், மறுபுறம் யானையும் இருக்கும். இதனை இனங்காண எவருக்கும் சிரமமில்லை. ஆனால் வேறொரு காசு உண்டு. 1825ஆம் ஆண்டிலே ஒரு றிக்ஸ் டொலர் பதினெட்டுப் பென்ஸ் என மதிக்கப்பட்டது. ஒரு றிக்ஸ் டொலருக்குப் பன்னிரண்டு பணம். ஆகவே ஒரு பணம் ஒன்றரைப் பென்ஸ். 1834ஆம் ஆண்டு தொடக்கம் இலண்டனிலே ஒன்றரைப் பென்ஸ் வெள்ளிக் காசு அடிக்கப்பட்டு இலங்கைக்கும் யமேக்காவுக்கும் அனுப்பப்பட்டது. தமிழ்ச் சொல்லாகிய 'பணம்' குறித்த பெறுமதிக்கு இங்கிலாந்து மன்னரின் தலையிட்ட வெள்ளி வடிவம் கிடைத்தது. எனினும் அக்காசில் இலங்கை என்னும் பெயர் எங்கும் இல்லை. எலிசபெத் அரசியும் ஒன்றரைப் பென்ஸ் அடித்தார். வில்லியம் மன்னரும் அடித்தார். பெறுமதி ஒன்றே, காரணம் வேறு. அந்த வேறுபாட்டைக் காசு கூறாது; நூலே கூறும். 1872ஆம் ஆண்டு ரூபாவும் சதமும் நடைமுறைக்கு வந்தபின் இவையெல்லாம் பெட்டகங்களுக்குள் ஒதுங்கின.

ஆதலால், பழைய வெள்ளியொன்று கையில் அகப்பட்டோர் மனங்கொள்ளவேண்டியவை சில உண்டு. அதனைச் சாம்பலோ புளியோ இட்டுத் தேய்த்தல் ஆகாது. தேய்ப்பினால் முதலில் அழிவது எழுத்தே. நுண்ணிய தராசில் நிறுத்து எடையைக் குறித்தல் வேண்டும். இருபுறத்தையும் படமெடுத்தல் வேண்டும். எவ்விடத்திலிருந்து, எப்பொருள்களோடு, யாருடைய வழியாக வந்தது என்பதை எழுதிவைத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது. பல காசுகள் சேர்ந்து கிடைப்பின் அவற்றைப் பங்கிட்டுப் பிரித்தல் தகாது. சேர்ந்திருக்கும்போதே அவை ஒன்றையொன்று விளக்கும். மண்ணிலிருந்து எடுக்கப்பட்டதாயின், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் கடமையாகும். நொக்ஸின் நூலும் கொட்றிங்ரனின் நூலும் இன்று மின்வடிவிலும் படிக்கக் கிடைக்கின்றன. மலைநாட்டுப் பாடசாலை மாணவனுக்கும் அவை எட்டாக்கனி அல்ல.

கண்டியின் வெள்ளிக்கு முன்னொரு காலத்தில் தீயே சோதனையாக இருந்தது. தீயிலிட்டு வெண்மையாக வெளிவந்த வெள்ளியை மக்கள் நம்பி ஏற்றனர். இன்று அதே வெள்ளிக்குத் தட்டாரின் தீ முடிவாகின்றது. அத்தீக்குள் இடுமுன் ஒருவர் நூலொன்றைப் புரட்டிப் பார்ப்பாராயின், அப்பெட்டகத்திலே கிடந்த கம்பித் துண்டு பாரசீகக் கடலையும், இராசசிங்கனின் மலைநாட்டையும், தொப்பி பின்னி விற்ற ஒரு கைதியின் நாட்களையும் பற்றிப் பேசத் தொடங்கும்.